பாஷா பாயின் ஐஸ் பெட்டி

"அத்தா மௌத்தாயிட்டாரு டாக்டரம்மா" என்று பாஷா பாயின் மகன் போனில் சொன்னபோது, எதிரே குழந்தைகளோடு தாய்மார்கள் வரிசையில் நின்றார்கள். பார்த்து முடித்துப் போவதற்குள் ஜனாஸாவை அடக்கத்துக்கு எடுத்துவிட்டிருந்தார்கள். பூட்டிய கடை வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

உத்திரமேரூர் பஸ் நிலையத்தருகே கூல் டிரிங்ஸ் கடை வைத்திருந்தவரை உங்களில் பலருக்குத் தெரியும். அவர் ஒரு மருத்துவ ஆராய்ச்சிக்கு முட்டுக்கொடுத்தது தெரிந்திருக்காது. இரண்டாயிரத்தை ஒட்டிய வருடங்கள். மூளையில் அடிபட்டால் ஒரு புரதம் ரத்தத்தில் கசியும்; அதை வைத்து, தலையில் அடிபட்ட குழந்தைகளில் யாருக்கு ஸ்கேன் தேவை என்று கண்டுபிடிக்க முடியுமா என்று சென்னையில் சில டாக்டர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஸ்கேனுக்கு நாங்கள் செங்கல்பட்டு போக வேண்டும். கூலி வேலை செய்கிறவர்களுக்கு அது லேசான காரியமா? நானும் ரத்தம் எடுத்து அனுப்ப ஒப்புக்கொண்டேன். சென்னை பஸ் வரும்வரை அது குளிர்ச்சியில் இருக்க வேண்டும். எங்கள் ஆஸ்பத்திரி பிரிட்ஜ் கரண்ட் இருந்தாலே வேலை செய்யாது; இல்லாவிட்டால் கேட்கவே வேண்டாம். ஐஸ் கேட்டுப் பாயிடம் போனேன்.

அவர் கடையில் ஒரு ஐஸ் பெட்டியையே ஒதுக்கிக் கொடுத்தார். "ரத்தம் வெக்கிற கடையில ஐஸ் தின்றதா?" என்று ஊர் பேச, வியாபாரம் படுத்தது. ரத்தத்தை வேறெங்காவது வைத்துக்கொள்கிறேன் என்றேன். "பச்சப் புள்ளைங்க ரத்தம்மா. அதுல இன்னா அசிங்கம் கீது? வர்றவன் வரட்டும்" என்றார்.

ஒருநாள் டிராக்டரிலிருந்து விழுந்த சிறுமியைத் திருப்புலிவனத்திலிருந்து தூக்கி வந்தாள் தாய். "தலைல அடிபட்டா கைல எதுக்கு ரத்தம் எடுக்கிற?" என்று பிள்ளையை இழுத்துக்கொண்டாள். மறைக்க மனம் வரவில்லை. "இதோட பதில் இன்னைக்கு வராதும்மா. உன் பொண்ணுக்கு உதவாது. பின்னால வர்ற பிள்ளைங்களுக்கு உதவலாம்" என்றேன்.

"அப்ப நான் ஏன் குடுக்கணும்?"

ஐஸோடு வந்து நின்ற பாய்தான் பேசினார். "என் பொண்ணு நூர்ஜஹான் மாடிப்படில உளுந்துச்சு. அழுதுச்சு, அப்பறம் தூங்கிச்சு. தூங்கட்டும்னு உட்டுட்டோம். காலைல எழுந்திரிக்கல."

இத்தனை நாள் பழக்கத்தில் நானும் அன்றுதான் அதைக் கேட்டேன். அந்தத் தாய் பிள்ளையின் கையை என் பக்கம் நீட்டினாள். பாய் சாயங்காலம்வரை கடைக்குப் போகவில்லை. சிறுமிக்குக் கண் சொருகும்போதெல்லாம் "உன் பேர் இன்னா கண்ணு?" என்று எழுப்பினார். அவளும் சலித்துக்கொண்டே சொன்னாள். மறுநாள் நடந்தே வீட்டுக்குப் போனாள்.

ஆராய்ச்சி பாதியில் நின்றுபோனது. சென்னையிலிருந்து பதில் வரவில்லை. கேட்டுக் கேட்டு நானும் ஓய்ந்துவிட்டேன். பாய் மட்டும் விடவில்லை. பார்க்கும்போதெல்லாம் "ரத்தம் பேசிச்சா டாக்டரம்மா?" என்பார்.

"இன்னும் இல்ல பாய்."

"பேசும். அவசரப்படாதீங்க."

இந்த ஊரில் அந்தப் பதிலுக்காகக் காத்திருந்தது நாங்கள் இருவர்தான். இப்போது நான் ஒருத்தி. ரொம்பத் தனியாக இருக்கிறது.

நேற்று, ஊஞ்சலிலிருந்து விழுந்த ஒரு குழந்தை வந்தது. தூக்கத்தில் அதன் கண் சொருகியது. "உன் பேர் இன்னா கண்ணு?" என்றேன். நான் திருநெல்வேலிக்காரி, என் வாயில் அதுவரை 'இன்னா' வந்ததே இல்லை. பாயிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்த ஒரு கேள்விதான். குழந்தை தன் பேரைத் தெளிவாகச் சொன்னது. அதைப் பாயிடம் போய்ச் சொல்லலாமென்று எழுந்தேன். பிறகு உட்கார்ந்துவிட்டேன்.