லாட் நம்பர் அடித்த மெமரி

இரண்டாயிரமாம் ஆண்டுக்கு ஒன்றிரண்டு வருஷம் கழித்து ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் எனக்கு வேலை கிடைத்தது. கம்ப்யூட்டர், பிரிண்டர், போன் ஒயர், முதலாளி மகனின் வீடியோ கேம் எல்லாம் என் பொறுப்பு. பட்டப்பெயர் சிஸ்டம் மேடம். புரொபேஷன் ஆறு மாதம் என்றார்கள். அது முடிந்து இன்னொரு ஆறு மாதமும் ஓடிவிட்டது, பர்மனென்ட் லெட்டர் மட்டும் வரவில்லை. எனக்கு அது ஒன்றும் பெரிதில்லை என்று சொல்லித் திரிந்தேன். பொய். வேலூரில் ஆஸ்பத்திரி ரெக்கார்டு ரூமில் முப்பது வருஷம் இருந்து ரிட்டயர் ஆனவர் என் அப்பா. அவருக்கு லெட்டர் இல்லாத வேலை வேலையே இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வந்தால் யாராவது, “பொண்ணு இன்னா பண்ணுது?” என்று கேட்பார்கள். “ஆம்பூர்ல இருக்குது, இன்னும் டெம்பரவரிதான்” என்பார் அப்பா, எனக்குத் தீராத வியாதி இருப்பதுபோல.

லெட்டருக்கும் எனக்கும் நடுவில் ஒரு ரவுட்டர் நின்றது. எங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டர்களை இன்டர்நெட்டோடும், ராணிப்பேட்டையில் தோல் பதனிடும் எங்கள் ஷாப்போடும் சேர்த்துவைக்கும் பெட்டி. பத்து கம்ப்யூட்டருக்கு என்று வாங்கியது, இப்போது நாற்பதைச் சுமந்தது. ஒவ்வொரு கம்ப்யூட்டரும் வெளியே போய்வரும்போது அது தன் மெமரியில் ஒரு குறிப்பு வைத்துக்கொள்ள வேண்டும். அக்கவுன்ட்ஸில் ராசிபலன், விலைக் கணக்கு போடும் காஸ்டிங்கில் சினிமாப் பாட்டு, எக்ஸ்போர்ட்டில் மட்டும் ஏதோ கொஞ்சம் எக்ஸ்போர்ட். பதினோரு மணிக்கு மெமரி நிரம்பிவிடும். ரவுட்டர் தானாகச் செத்து, ஐந்து நிமிஷத்தில் தானாக உயிர்த்தெழும். ஈஸ்டருக்கு ஒருமுறை என்றால் நானும் பக்தியோடு பார்த்திருப்பேன். இது தினமும் நடந்தது.

பராமரிப்பும் உண்டு. பக்கத்துத் தோல் ஷாப்பின் சுண்ணாம்புக் குழியிலிருந்து வரும் அழுகின முட்டை வாடையில் மெமரிக் கார்டின் விளிம்புப் பட்டைகள் கறுத்துவிடும். மாதம் ஒருமுறை கழற்றி, பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்துத் திரும்ப மாட்டுவேன். பி.எஸ்ஸி. படித்தது அதற்குத்தான். பெரிய மெமரி வேண்டும் என்று மூன்று தடவை எழுதிக் கொடுத்தேன். “தேய்ச்சா ஓடுதில்ல? அப்புறம் இன்னாத்துக்குப் புதுசு?” என்றார் முதலாளி. யானை வாங்கினவன் அங்குசம் வாங்க யோசித்தானாம்.

பிறகு எங்களிடம் ஷூ வாங்கும் வெளிநாட்டு பையர் ஒருவர் வருவதாகச் செய்தி வந்தது. அவருடைய ஆர்டர் ராணிப்பேட்டையில் தோலாக இருப்பதிலிருந்து ஆம்பூரில் பெட்டிக்குள் போவது வரை திரையிலேயே பார்க்கலாம் என்று முதலாளி வாக்குக் கொடுத்துவிட்டார். என்னைக் கூப்பிட்டு, “மெமரி வாங்கிக்கோம்மா. அன்னைக்கு ஒழுங்கா ஓடுச்சுன்னா லெட்டர். பேஜார் பண்ணுச்சுன்னா நீ வேற எடம் பாத்துக்கோ” என்றார். ஒரு வருஷத்தில் அவர் என்னிடம் தெளிவாகப் பேசியது அதுதான்.

சென்னையிலிருந்து மெமரி வந்த அன்று நான் ராணிப்பேட்டையில் இருந்தேன். பார்சலை வாங்கியவர் ஸ்டோர் கீப்பர். தோல் வந்து இறங்கினால் அதன் ஓரத்தில், எந்தச் சரக்கு என்று காட்டும் லாட் நம்பரைச் சுத்தியலால் பஞ்ச் அடிப்பது அவர் வேலை. ஏதோ திருட்டு நடந்த பிறகு, கேட்டைத் தாண்டி வரும் எல்லாவற்றுக்கும் லாட் நம்பர் என்று ரூல் போட்டிருந்தார்கள். நாற்காலிக்கு உண்டு. தண்ணீர் டம்ளருக்குக்கூட உண்டு. மறுநாள் காலை அவர் என் கையில் கொடுத்த மெமரிக் கார்டில், நடுவில், ஊசி ஊசியாக, நாலு ஒன்று ஏழு.

“இன்னாங்க இது?”

“லாட் நம்பர் மேடம். உடையிற பொருள்னு ஆர்டர் சீட்டுல நீங்க எழுதியிருந்தீங்களே, அதனால கீழ மெத்துன்னு ஆட்டுத்தோல் வச்சேன். கறுப்பு கட்டை எதுவும் இல்லாத வெத்து எடமாப் பாத்துதான் அடிச்சேன்.”

அந்த வெற்று இடத்துக்குள்தான் அந்தக் கறுப்புக் கட்டைகளான சிப்புகளை இணைக்கும், முடியைவிட மெல்லிய கம்பிகள் எல்லாம் ஓடுகின்றன. மாட்டிப் பார்த்தேன். ரவுட்டர் கண்ணே திறக்கவில்லை. வாய்க்கு வந்தபடி கத்தினேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, “ரூல் போட்டது அவங்க, வேலை போறது எனக்கா மேடம்?” என்றார். பையர் வருவது அடுத்த நாள். பழைய மெமரியைத் தேய்த்து மாட்டினேன்.

காலை ஒன்பதரைக்கு அக்கவுன்ட்ஸ், காஸ்டிங், டைம் ஆபீஸ் எல்லா ஒயரையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். முதலாளி அறையையும் ராணிப்பேட்டையையும் மட்டும் விட்டுவைத்தேன். “மேடம், மெயில் வரலையே” என்றவர்களிடம், “புது மெமரி செட் ஆவுது, நாளைக்கு வரும்” என்றேன். பதினோரு மணி வந்தது, போனது. ரவுட்டர் சாகவில்லை. இரண்டே பேரைச் சுமக்க அதற்கென்ன கேடு? பையர் திரையைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டே இருந்தார். முதலாளி பெருமையாக என் பக்கம் திரும்பி, “எப்படிம்மா புது மெமரி?” என்றார்.

“சூப்பர் சார்” என்றேன்.

ஸ்டோர் கீப்பரும் ரெஜிஸ்டரில், வந்தது, பொருத்தியாயிற்று என்று எழுதிவிட்டார். பொருத்தியாகிவிட்ட மெமரியை மறுபடி எப்படிக் கேட்பது? திருடனுக்குத் தேள் கொட்டிய கதை. அந்தக் கம்பெனியை விட்டு வரும் வரை, தினமும் பத்தரைக்கு ஒரு செக்ஷன் ஒயரை முறை வைத்துப் பிடுங்கி அதை உயிரோடு வைத்திருந்தேன்.

லெட்டர் ஒரு வாரத்தில் வந்தது. ரவுட்டரின் மெமரியைத் திறம்பட உயர்த்தியதற்காகப் பணி நிரந்தரம் என்று ஒரு வரி, கீழே சீல். அப்பா அதை இரண்டு தடவை சத்தமாகப் படித்தார். பிறகு குடும்ப ஜெபத்தில் எல்லோரையும் முழங்காலில் நிற்கவைத்து, தன் மகள் குறுக்குவழி போகாமல், பொய் சொல்லாமல், உழைத்து வாங்கிய வேலைக்காக ஆண்டவருக்கு நன்றி சொன்னார். எனக்கு அவமானத்தில் காது சுட்டது. இருந்தாலும் எல்லோரையும்விடச் சத்தமாக ஆமென் சொன்னது நான்தான்.