புஜைராவில் ஏழு படி

வியாழக்கிழமை காலை ஐந்து மணிக்கு, சவூதி ஜுபைலில் எங்கள் கேம்ப் வாசலில் இருந்தவர்கள் மொத்தம் ஐந்து பேர். என் அறைத்தோழன் தூத்துக்குடி சகாயம். எங்கள் சைட்டின் ஜப்பானியப் பாதுகாப்பு அதிகாரி ஒகாடா சான் (சான் என்றால் நம் சார் மாதிரி), வயது அறுபத்திரண்டு. கேட் காவலர், நேபாளத்துத் தாபா. டாக்ஸி ஓட்டுநர் பஷீர் பாய். ஐந்தாவது ஆள் நான்: தொண்டி சாகுல் ஹமீது, வயது முப்பத்தாறு, சாரம் கட்டுகிறவன். ஜப்பான் தொலைக்காட்சித் தொடரில் நடிக்கப் போகிறேன் என்றால் நம்பாதவர்கள் உண்டு. அதனால் சாட்சிகளை முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

ஒகாடா சான் என் பையைத் திறக்கச் சொன்னார். ஜப்பானியரிடம் வேலை பார்த்தவர்களுக்கு அடுத்தது என்னவென்று தெரியும். எந்த வேலைக்கும் முன்னால் பொருளைப் பார்த்து, கையை நேராக நீட்டி, விரலால் சுட்டி, 'யோஷி!' என்று உரக்கச் சொல்ல வேண்டும். சரியாக இருக்கிறது என்று அர்த்தம். மனசுக்குள் சொல்லிக்கொண்டால் செல்லாது.

பாஸ்போர்ட், யோஷி. வெளியே போய்த் திரும்பி வரும் விசா, இருநூறு ரியால் கட்டியது, யோஷி. பஸ் டிக்கெட், இருநூற்றுப் பத்து ரியால், யோஷி. வசனத் தாள், யோஷி. ஒவ்வொன்றுக்கும் தாபாவும் சேர்ந்து கத்தினார்.

"ஏல சாவுலு, ஒன் மண்டைய காட்டி ஒருத்தரும் யோஷி சொல்லலியே," என்றான் சகாயம். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஞாயித்துக்கெழம காண்ட்ராக்ட் பாரத்துல கையெழுத்து போடணும். மறந்துராத. ரெண்டு வருசத்துச் சோறுல்லா அது," என்றான்.

மறப்பேனா? பத்து நாளாக அதை நினைத்துத்தான் தூக்கமில்லை. பழைய ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது. புதிதில் கையெழுத்துப் போட்டால் இரண்டு வருடம் நகர முடியாது. போடாவிட்டால் ஊருக்கு டிக்கெட். அதற்குள் இந்த ஒரு நாள் படப்பிடிப்பில் எனக்கு ஒரு பதில் கிடைத்தாக வேண்டும்.

நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஜப்பானிய மொழியை யாரும் எனக்குப் பாடம் நடத்தவில்லை. நான்கு வருடம் ஒகாடா சான் திட்டியதைக் கேட்டுப் படித்தேன். மிச்சத்தைக் கட்டிலில் படுத்துக்கொண்டு ஃபோனில் பார்த்த தொடர்கள் சொல்லிக்கொடுத்தன. அவர்களுக்கு எழுத்து மூன்று வகை. எளிய இரண்டையும் கூட்டி வாசிப்பேன். மூன்றாவது, படம் வரைந்தது போன்றது, எனக்கு ஆகாது. கண்ணாடி முன் வசனம் பேசி வீடியோ எடுத்து டோக்கியோ முகவர்களுக்கு அனுப்பினேன். பதினான்கு வீடியோ. வந்த பதில் இரண்டு. ஒன்றில் 'வெளிநாட்டு ஆட்களுக்கு இப்போது இந்திய ஓட்டல் முதலாளி வேடம் மட்டுமே இருக்கிறது, அதற்கும் ஆள் கிடைத்துவிட்டது' என்று எழுதியிருந்தார்கள். துபாய்ப் பக்கம் ஒரு நாள் படப்பிடிப்புக்குக் கூப்பிட்ட இரண்டாவது பதில்தான் என்னை இந்த டாக்ஸியில் ஏற்றியது.

காலை 6.20, தம்மாம். நூறு கிலோமீட்டர், நூற்றிருபது ரியால். பஸ் ஏழு மணிக்கு என்றாலும் மூன்று தடவை போய்க் கேட்டேன். மூன்றாவது தடவை கவுண்டர்க்காரர் தலையே நிமிரவில்லை. "துபாய், ஸாத் பஜே, பாய்" என்றார். ஏழு மணிக்கு என்று.

பக்கத்து இருக்கையில் காயல்பட்டினத்துக்காரர் ஒருவர், துபாய் தேராவில் மசாலாக் கடை வைத்திருக்கிறவர். ஹுஃபூஃப் தாண்டியதும் பேச்சுக் கொடுத்தார்.

"தம்பி எந்த ஊரு?"

"தொண்டி, காக்கா." எங்கள் பக்கம் மூத்தவர்களைக் காக்கா என்போம்.

"துபாய்க்கு என்ன சோலி?"

சொன்னேன். வாயில் போட்ட பேரீச்சம்பழத்தை மெல்லாமல் என்னைப் பார்த்தார்.

"ஜப்பான்காரன் நாடகத்துல தொண்டிக்காரனா? அவனுவளுக்கு ஆள் கெடைக்கலியா?"

"இந்தியத் தொழிலாளி வேசம், காக்கா. ஜப்பான் பேச்சு தெரிஞ்ச இந்தியன் வேணுமாம்."

"எங்க, ரெண்டு வார்த்தை பேசு பாப்போம்."

எனக்குப் பிசிறில்லாமல் வருவது காலைப் பாதுகாப்பு உறுதிமொழிதான். அதை முழுதாகச் சொன்னேன். முன் இருக்கையில் தூங்கியவர் எழுந்துவிட்டார். காக்கா வாயிலிருந்த பழத்தை மென்று விழுங்கினார். "நல்லாத்தான் ஈக்கி. யாவாரத்துக்கு ஆவுமா இது?" என்று கேட்டு, எனக்கும் ஒரு பேரீச்சம்பழம் கொடுத்தார்.

பகல் 12.10, பத்ஹா எல்லை. தம்மாமிலிருந்து ஏறக்குறைய நானூற்றைம்பது கிலோமீட்டர், இரண்டு பக்கமும் மணல். எல்லா எல்லைகளிலும் எனக்குப் பயம்தான், தப்பு எதுவும் செய்யாவிட்டாலும். பையைச் சோதித்த அதிகாரி வசனத் தாளைத் தனியாக எடுத்தார். அதில் ஜப்பானிய எழுத்து. அதன்மேல் நான் தமிழில் எழுதிவைத்த உச்சரிப்பு. ஓரத்தில் ஏணி ஒன்றும் வரைந்து அம்புக்குறி போட்டிருந்தேன். யார் பார்த்தாலும் சந்தேகப்படக்கூடிய தாள்தான்.

"எஷ் ஹாதா?" என்றார். இது என்ன என்று.

அறையில் எகிப்தியர் ஒருவரிடம் கேட்டு மனப்பாடம் பண்ணிய ஒரே வார்த்தையைச் சொன்னேன். "தம்ஸீல்." நடிப்பு.

அவர் என் இகாமாவை, அதாவது சவூதிக் குடியிருப்பு அட்டையைப் பார்த்தார். அதில் தொழில், சாரம் கட்டுபவர். என் முகத்தைப் பார்த்தார். பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். இருவரும் சிரித்தார்கள். நான் பையைப் பிடித்துக்கொண்டேன். முத்திரை குத்தித் தாளைப் பத்திரமாக மடித்துத் தந்து, "யல்லா, முமஸ்ஸில்," என்றார். போங்க, நடிகரே. என் வாழ்க்கையில் என்னை அப்படிக் கூப்பிட்ட முதல் ஆள் ஒரு சுங்க அதிகாரி.

அமீரகத்துக்குள் வந்ததும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ள வேண்டும். தள்ளினேன். மறந்துவிட்டோமோ என்று பயந்து மறுபடியும் தள்ளிவிட்டேன். அபுதாபி வரும்வரை ஒரு மணி நேரம் தாமதம் என்று வெந்துகொண்டிருந்தேன். காக்காதான் தன் ஃபோனைக் காட்டிக் காப்பாற்றினார்.

இரவு ஒன்பதுக்கு துபாய். அல் குசைஸில் எனக்கு ஓட்டல் அறை போட்டிருந்தார்கள். பதினோரு வருட வளைகுடாவில் தனி அறையில் தூங்கியது அன்றுதான். குறட்டைச் சத்தம் இல்லாதது ஒரு மாதிரியாக இருந்தது.

வெள்ளி காலை 5.30. வேனில் வித்யா மேடம் வந்தார். கோயம்புத்தூர்க்காரர். கணவர், இரண்டு பிள்ளைகளோடு அல் குசைஸிலேயே இருக்கிறார். இங்கே படமெடுக்க வருகிற வெளிநாட்டுக் குழுக்களுக்கு ஆளும் இடமும் ஏற்பாடு செய்வது அவர் வேலை.

"சாகுல், சாப்டீங்களா? மூஞ்சியெல்லாம் வெளுத்துப் போச்சுங்களே."

"மேடம், படம் மாதிரி எழுத்து எனக்கு வாசிக்க வராது. அங்க திடீர்னு தாள் குடுத்தா?"

"அதெல்லாம் நான் பாத்துக்கறேனுங்க. ஒண்ணு மட்டும் தெரிஞ்சுக்கோங்க. இன்னிக்கு ரெண்டு தொழிலாளி வேசம். ஒண்ணாம் நம்பர் மும்பைப் பையன், டோக்கியோவுல மூணு வருசம் படிச்சவன். நீங்க ரெண்டாம் நம்பர். இன்னிக்கு சீனைப் பாத்துட்டு உங்க ரெண்டு பேர்ல ஒருத்தரைத்தான் டோக்கியோ சூட்டிங்குக்குக் கூப்பிடுவாங்க."

அழைப்புத் தாளில் பார்த்தேன். என் பாத்திரத்துக்குப் பெயர் இல்லை. 'வெளிநாட்டுத் தொழிலாளி 2.'

புஜைரா நூற்றிருபத்தைந்து கிலோமீட்டர். மலீஹாவைத் தாண்டியதும் மணல் முடிந்து மலை தொடங்குகிறது. செடி கொடி இல்லாத பழுப்பு மலை, நடுவே வழவழவென்று சாலை. ஒரு வளைவில் கடல் தெரிந்தது. அதற்கு முன்னால் வரிசையாக வெள்ளை எண்ணெய்த் தொட்டிகள். அதைக் கண்டதும்தான் எனக்கு மூச்சு வந்தது. தொட்டி எனக்குத் தெரிந்த விஷயம். ஜுபைலில் இதைவிடப் பெரியவற்றைச் சுற்றிச் சாரம் கட்டியிருக்கிறேன்.

காலை 8.15. துறைமுகம் பக்கம் பயன்பாட்டில் இல்லாத தொட்டி ஒன்று. நாற்பது பேருக்குக் குறையாத கூட்டம். இயக்குநர் ஹாயாமி சான், ஐம்பது வயதுப் பெண்மணி, வெயிலுக்குத் துண்டைத் தலையில் சுற்றியிருந்தார். மும்பைத் தம்பி தன் காட்சியை ஒரே தடவையில் முடித்தார். சுத்தமான உச்சரிப்பு. நான் என் வசனத் தாளை மறுபடி எடுத்தேன்.

என் காட்சி இதுதான். தொட்டியின் மேலே ஒருவர் மயங்கிக் கிடக்கிறார். ஜப்பானியப் பொறியாளராக வரும் கதாநாயகர் பதறி ஓடி வருகிறார். நான், 'என் பின்னால் வாருங்கள்!' என்று கத்திவிட்டு ஏணியில் பாய்ந்து ஏற வேண்டும். ஏழு படி ஏறினால் போதும், அதற்குமேல் கேமராவில் தெரியாது. பாய்ந்து, என்பதை உதவியாளர் மூன்று முறை சொன்னார்.

ஓடினேன். கத்தினேன். ஏணிக்கு வந்தேன்.

என் கால் நின்றுவிட்டது. யாரோ பிடித்து நிறுத்தியது போல நேராக நின்றேன். இடுப்பு பெல்ட்டின் கொக்கியை மாட்டினேன். கை தானாக நீண்டது. "கொக்கி, யோஷி! காலடி, யோஷி!" என்று ஜப்பானிய மொழியில் அடித்தொண்டையில் கத்திவிட்டுத்தான் ஏறினேன்.

ஏழாவது படியில்தான் உறைத்தது, என்ன செய்துவிட்டேன் என்று.

கீழே நாற்பது பேரும் என்னையே அண்ணாந்து பார்த்தார்கள். ஞாயிற்றுக்கிழமை கையெழுத்துப் போட வேண்டிய பாரம் கண்முன் வந்தது. இறங்கும்போது ஒவ்வொரு படியிலும் அதில்தான் கால் வைத்தேன்.

ஹாயாமி சான் பக்கத்தில் வந்தார். "ஏன் நின்றீர்கள்?"

"மன்னிக்க வேண்டும். நிற்காமல் ஏணி ஏற எனக்குத் தெரியாது. நான்கு வருடம் அப்படியே ஏறி, கால் பழகிவிட்டது."

"ஆபத்திலும் நிற்பீர்களா?"

"ஆபத்தில்தான் கட்டாயம் நிற்க வேண்டும். மேலே விழுந்தவரைப் பார்க்க ஓடி, இரண்டாவது ஆளும் விழுவது அப்போதுதான் என்று ஒகாடா சான் திட்டுவார்."

"ஒகாடா சான் யார்?"

சொன்னேன். தமிழர், நேபாளிகள், பெங்காலிகள் எல்லோரும் அங்கே இதைச் செய்கிறோம் என்றும், லீவில் ஊருக்குப் போனால் கேஸ் அடுப்பைப் பார்த்தும் யோஷி சொல்கிறேன், என் மனைவி தலையில் அடித்துக்கொள்கிறாள் என்றும் சொன்னேன். என் ஜப்பானிய மொழி சைட்டு மொழி, முரட்டு மொழி. ஒலிப்பதிவுக்காரர் காதிலிருந்ததைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். ஹாயாமி சான் சிரிக்கவில்லை. கதாநாயகரைத் தனியே அழைத்துப் போய்ப் பத்து நிமிடம் பேசினார்.

"போச்சுங்களா மேடம்?" என்றேன்.

"இருங்க, எனக்கே புரியலீங்க," என்றார் வித்யா மேடம்.

காட்சியை மாற்றிவிட்டார்கள். இப்போது பதற்றத்தில் ஏணிக்குப் பாய்வது ஜப்பானியப் பொறியாளர். அவர் தோளைப் பிடித்து நிறுத்துவது நான். கொக்கியைச் சுட்டி, காலடியைச் சுட்டி, அவர் வாயாலும் சொல்ல வைத்துவிட்டுத்தான் அவரை ஏறவிடுவேன். அவர்கள் நாட்டு வழக்கத்தை அவரே மறந்த நேரத்தில், அந்நிய நாட்டுக்காரன் நினைவூட்டுகிறான்.

ஆனால் கதாநாயகருக்குச் சுட்டத் தெரியவில்லை! முழங்கை மடங்கி, டாக்ஸியைக் கைகாட்டுவது போல வந்தது. அவர் நடிகர், சைட்டில் நின்றவர் அல்லவே. "நீங்கள் காட்டுங்கள்," என்றார் என்னிடம். விரலைக் காதுக்குப் பக்கம் கொண்டுபோய், அங்கிருந்து தோள்பட்டை வரை நேராக வீசி நீட்டச் சொல்லிக்கொடுத்தேன். நான்கு தடவை செய்து பார்த்தார். சரியாக வந்ததும் எனக்குக் குனிந்து வணக்கம் சொன்னார். நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பொய் எதற்கு, மார்பு விரிந்துவிட்டது. ஒன்பதாம் வகுப்பு சாகுலிடம் டோக்கியோ நடிகர் ஜப்பான் பாடம் படித்தார்.

ஆறு டேக். ஜும்ஆ தொழுகைக்கு நேரத்தோடு விட்டார்கள்.

மாலை 4.40. உதவியாளர் திருத்திய அழைப்புத் தாளோடு வந்து என் பெயரை எப்படி உச்சரிப்பது என்று கேட்டார். சொன்னேன். 'வெளிநாட்டுத் தொழிலாளி 2' என்பதைப் பேனாவால் அடித்துவிட்டு, மேலே மூன்று எழுத்து எழுதினார். எனக்கு வாசிக்க வரும் எளிய எழுத்து. நானே கூட்டி வாசித்தேன். ச, ஹு, ரு. ல அவர்களுக்கு வராது. பரவாயில்லை.

"பாத்திரத்துக்கே உங்க பேரை வெச்சுட்டாங்க," என்றார் வித்யா மேடம். "டோக்கியோவுக்கும் உங்களைத்தான் கூப்பிடறாங்க. அடுத்த மாசக் கடைசியில. ஒம்பது நாள்தானுங்க, அதையும் சொல்லிர்றேன். பெருசா நெனச்சுக்காதீங்க."

மும்பைத் தம்பி வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். "பாய், எனக்கும் அதைச் சொல்லிக்கொடுங்க" என்று இந்தியில் கேட்டார். அவருக்கும் காட்டினேன்.

வேனிலிருந்தே தொண்டிக்குப் பேசினேன். என் மனைவி ரஹ்மத் முழுவதையும் கேட்டாள்.

"ஒம்பது நாளு முடிஞ்சா என்ன செய்றது புள்ள?" என்றேன். "கையெழுத்து போடலன்னா வேலை போயிரும்."

"சாரம் கட்ட ஆளு வேணும்னு எந்த ஊர்லயும் கேட்டுக்கிட்டுத்தான் இருப்பாக. பேரு வச்சு நாடகத்துக்குக் கூப்புடுறது தெனமுமா நடக்குது? போடாதீங்க. நீங்க பேசப் பேசவே வாசல்ல நின்ன எல்லாருக்கும் வேற சொல்லிட்டேன்."

"யாருக்கும் சொல்ல வேணாம்னு சொன்னேன்ல?"

"வேலை கெடைக்கும் முன்னாடிதான் சொல்லக் கூடாது. கெடைச்சாச்சுல்ல?"

சனிக்கிழமை அதே வழி, அதே எல்லை, மணல் மட்டும் இப்போது வலமும் இடமும் மாறியிருந்தது. ஜுபைல் நெருங்கும்போது எங்கள் தொட்டிகள் தெரிந்தன. புஜைராவுக்கும் இங்கேயும் தொட்டியில் வித்தியாசம் கிடையாது. அதே வெள்ளை, அதே வாடை. இங்கே நான்கு வருடமாக எத்தனை ஆயிரம் படி ஏறியிருப்பேன், ஒருவரும் திரும்பிப் பார்த்ததில்லை. அங்கே ஏழே படி. ஆனால் அந்த ஏழு படியை ஏறத் தெரிந்தது இங்கே ஏறிய படிகளால்தான்.

ஞாயிறு காலை பாரத்தைக் கையெழுத்தில்லாமல் அலுவலகத்தில் கொடுத்தேன். ஒகாடா சான் விஷயத்தைக் கேட்டார். என்னை நிற்க வைத்து, ஹெல்மெட்டிலிருந்து ஷூ வரை பார்த்து, கையை நீட்டி என்னையே சுட்டி, 'யோஷி!' என்றார். சகாயம் கேட்ட குறை தீர்ந்தது.

கணக்கு ஒன்று மிச்சம். அந்த ஜப்பான் தொடர்க் கம்பெனியில் வேலை செய்த மாதத்துக்கு அடுத்த மாதக் கடைசியில்தான் சம்பளம் போடுவார்கள் என்று வித்யா மேடம் சொல்லியிருந்தார். ஏஜென்ட்டுக்கு, விசாவுக்கு, நகைக்கடைக்கு என்று எப்போதும் நான்தான் கடன்காரன். முதல் தடவையாக, ஒரு நாள் நடித்ததற்காக டோக்கியோவில் ஒருவர் எனக்குத் தர வேண்டியிருக்கிறது. பாக்கி: ஆயிரத்து எண்ணூறு திர்ஹம்.