ஜன்னலை மறைத்த கேடயம்

தொண்ணூறுகளின் கடைசியில் தஞ்சாவூர் பாசஞ்சரில் என் எதிரே உட்கார்ந்திருந்த முறுக்கு மீசைக்காரர், ஆள் உயர மரக் கேடயம் ஒன்றைச் சாய்த்து வைத்திருந்தார். அதில் இறக்கை விரித்த தேவதூதர், மிக்கேல் சம்மனசின் படம் தீட்டியிருந்தது. பேசுமுன் அதை இரண்டு தட்டுத் தட்டுவார்.

“இத்தாலியில ஒரு கோட்டையில, டூரிஸ்ட்டுக்குப் பழைய காலத்துப் போரை நடிச்சுக் காட்டுவோம். வில்லுக்காரன் அடுத்த அம்பைப் பூட்டுற வரைக்கும் அவனை மறைச்சு இதைப் பிடிச்சுக்கிட்டு நிக்கணும். அதுக்குச் சம்பளம்னா என் மாமனார் நம்ப மாட்டேங்கிறார். இதைப் பார்க்கன்னே நீடாமங்கலம் ஸ்டேஷன்ல நிக்கிறார்.”

சாலியமங்கலம் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. பக்கத்து ஜன்னலில் ஷட்டர் இறங்கவில்லை. அங்கே கைக்குழந்தையோடு, கொரடாச்சேரிக்குப் போகும் ஒரு பெண். நகர்ந்து உட்கார இடமில்லை. மீசைக்காரர் எழுந்து கேடயத்தை ஜன்னலுக்கு அண்டக்கொடுத்துத் தோளால் அழுத்திக்கொண்டு நின்றார். குழந்தை தூங்கிப்போனது.

நீடாமங்கலத்திலும் மழை விடவில்லை.

“நீங்க இறங்கலையாங்க?” என்றேன்.

“பின்னால ஆள் இருக்கையில எப்படிங்க எடுக்கிறது?” என்றவர், கேடயத்தின் ஓரமாக வெளியே கத்தினார்: “மாமா! கொரடாச்சேரியில இறங்கி பஸ்ல வந்துடறேன்!”

பிளாட்பாரத்தில் குடையோடு நின்ற மாமனார், ஜன்னல் நிறைய நின்ற சம்மனசைப் பார்த்துச் சிலுவை போட்டுக் கைகூப்பினார். கும்பிட்டது சம்மனசையா, மருமகனையா என்று எனக்கு இன்றும் தெரியாது.