இடம் மாறிய மாதுளை

நாக்கில் வைத்த மண் உப்புக் கரித்தது... துப்பிவிட்டு வேறொரு மூலையில் எடுத்து வைத்துப் பார்த்தேன். அங்கேயும் அதே கரிப்பு.

பழவேற்காட்டுக் கோட்டையில் ஒல்லாந்தர் இருந்த காலம். எனக்குக் கல்யாணமாகி வந்த புதிது. என் வீட்டுக்காரர் ஏரியில் கையால் தடவி இறால் பிடிப்பார். நான் வீட்டுக்குப் பின்னால் கீரையும் கத்தரியும் போட்டு, கப்பல்காரர்களுக்கு விற்பேன். இறால் இல்லாத நாளில் உலை வைப்பது அந்தத் தோட்டம்தான்.

அந்தப் புரட்டாசியில் ஆட்டுப்புழுக்கையும் சாம்பலும் கலந்து கொத்திப் பாத்தி கட்டி முடித்தேன். மறுவாரமே கடல் பொங்கி, ஏரி நிரம்பி, தோட்டம் உப்புத் தண்ணீரில் மூழ்கியது.

ஐப்பசி மழை கழுவினால் மண் தேறும். ஆனால் கழுவிய தண்ணீர் வெளியே போக வேண்டுமே... சரிவு இருந்ததோ பக்கத்து வீட்டு ஆமினா அக்கா கொல்லைப் பக்கம். அதைத் தாண்டினால் ஏரி.

அக்காவுக்கும் எனக்கும் பேச்சு இல்லை. அவர் காயப்போட்ட நெல்லை என் கோழிகள் கிளறியதிலிருந்து.

"போய்க் கேக்காத. ஒத்துக்கமாட்டாங்க" என்றார் என் வீட்டுக்காரர். கேட்காமல் எப்படி? போனேன்.

"இப்போதான் வழி தெரிஞ்சுதா செங்கேணி?" என்றார் அக்கா.

அவர் கொல்லை வழியாக ஏரிக்கு ஒரு வாய்க்கால் வெட்ட வேண்டும் என்றேன். அவர் கொல்லை நடுவில் இடுப்புயர மாதுளைச் செடி ஒன்று. அவர் வீட்டுக்காரர் ஜாவாவுக்குக் கப்பலேறும் முன் நட்டது. போனவரிடமிருந்து ரெண்டு மழைக்காலமாய் ஒரு சேதியும் இல்லை. வாய்க்கால் வெட்டினால் அதை ஒட்டித்தான் போகும்.

"உப்புத்தண்ணி வேருல படாதா?"

"படும்க்கா. பொய் சொல்லமாட்டேன்."

கதவைச் சாத்திக்கொண்டார். நானும் திரும்பி வந்தேன்.

விடிந்ததும் வேலிக்கு அந்தப் பக்கம் மண்வெட்டிச் சத்தம். எட்டிப் பார்த்தால்... அக்கா மாதுளையைச் சுற்றிக் குழி தோண்டிக்கொண்டிருந்தார். மேடான கிணற்றடியில் இன்னொரு குழி தயாராக இருந்தது.

"நின்னு இன்னா பாக்குற? வந்து அந்தாண்ட புடி."

ஓடிப்போய்ப் பிடித்தேன். வேரோடு ஒட்டிய மண் உதிராமல், பிள்ளையைத் தூக்குவது போல இருவரும் தூக்கிப் போனோம்.

"அவரு வந்து, நட்ட எடத்துல காணோமேன்னு கேட்டா இன்னா சொல்வீங்க?" என்றேன் பயந்துகொண்டே.

"செங்கேணிதான் புடுங்கச் சொன்னான்னு சொல்வேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டதையும் பார்த்தேன்.

வாய்க்காலை இருவரும் சேர்ந்தே வெட்டினோம். மழை கொட்டியது. கலங்கிய தண்ணீர் நாள்கணக்கில் ஏரிக்கு ஓடியது. கார்த்திகைக் கடைசியில் மண் தேறி, விதை போட்டேன். தையில் கத்தரி பூத்தது.

மாதுளைதான் இலையெல்லாம் கொட்டிக் குச்சியாய் நின்றது. அக்கா தினமும் அதற்கு ஒரு குடம் ஊற்றுவார், அதைப் பார்க்காமலே. மாசியில் ஒரே ஒரு கிளையில் துளிர் வந்தது... மற்றக் கிளைகள் பட்டுப்போயின.

பங்குனியில் அக்கா வீட்டுக்காரர் வந்து இறங்கினார். காய்ச்சலில் பாதியாய் இளைத்திருந்தார். கிணற்றடியில் உட்கார்ந்து குளித்தார், அந்தச் செடிமேலேயே துண்டைப் போட்டார், உள்ளே போய்விட்டார். இடம் மாறியதை அவர் கவனிக்கவே இல்லை.

அக்கா வேலியோரம் வந்து என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "இதுக்கா நான் அன்னிக்கி ராப்பூரா அழுதேன்?"

அப்புறம் கப்பல்கள் குறைந்தன. காய் வாங்க ஆளில்லை. நாங்கள் திருப்பாலைவனம் என்ற ஊருக்கு வந்துவிட்டோம். இங்கே மண் நல்ல மண். புரட்டாசியில் கொத்திப் போட்டால் போதும், தண்ணீர் என் நிலத்துக்குள்ளேயே வந்து என் நிலத்துக்குள்ளேயே வடிந்துவிடும்.

பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்காதீர்கள்... வந்து இத்தனை வருஷமாகியும் எனக்குப் பெயர் தெரியாது. தெரிந்துகொள்ள அவசியம் வரவில்லை.