மனக்கண் கிடைத்த சமையல்காரி

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஆனையூரில் ஒரு மாடி வீட்டில் நாங்கள் மூன்று பேர் கூடுவோம். வீடு, மிஷன் பள்ளி ஒன்றில் இயற்பியல் எடுக்கும் வாத்தியாருடையது. காலையில் சர்ச்சுக்குப் போய்விட்டு வந்து, சாப்பிட்டு முடித்து, மேஜை முன்னால் உட்கார்ந்தாரென்றால் பொழுது சாயும்வரை அவர் ஒரு தேசத்துக்கே பொறுப்பாளி. அடுத்தவன் மேலூர்க்காரன். அங்கே ஒரு கிரானைட் குவாரி ஆபீசில் வேலை. கல்லூரியில் படிக்கும்போதிருந்தே என்னை மாப்ள என்றுதான் கூப்பிடுவான். மூன்றாவது ஆள் நான். காளவாசலில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன்.

நாங்கள் ஆடுவது கதை விளையாட்டு. காய் கிடையாது, கட்டம் கிடையாது. வாத்தியார் கதை சொல்லுவார். காடு, கோட்டை, ராட்சசன் எல்லாம் அவர் வாயிலிருந்து வரும். நாங்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி அந்தக் கதைக்குள் நடப்போம். ராட்சசனை வெட்டினால் வெட்டு விழுமா என்பதை மட்டும் டைஸ் உருட்டித் தீர்மானிப்போம்; பெரிய எண் விழுந்தால் வெட்டு, சின்ன எண் விழுந்தால் நமக்கு அடி. நாற்பது தாண்டிய ஆம்பளைகள் இப்படி உட்கார்ந்திருப்பதைப் பற்றி எங்கள் வீடுகளில் என்ன அபிப்பிராயம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

வாத்தியாரின் தேசத்தில் மந்திரம் யாரும் கற்றுக்கொள்ளலாம். வாள் கடையில் கிடைக்கும். ஆனால் மனக்கண் மட்டும், அதாவது அடுத்தவர் மனதில் ஓடுவதைப் படிக்கிற சக்தி, பிறவியிலேயே வரவேண்டும். புதிதாக ஒரு பாத்திரத்தை உண்டாக்கும்போது, பூஜ்யம் முதல் ஒன்பது வரை எண் போட்ட பத்து முக டைஸ் இரண்டை உருட்ட வேண்டும். இரண்டிலும் பூஜ்யம் விழுந்தால்தான் மனக்கண். எங்களுக்கு அது விழுந்ததே இல்லை.

"இம்புட்டு கஷ்டமா எதுக்கு சார் வச்சிருக்கீங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"தெருவுக்கு ஒருத்தன் மனசப் படிச்சா ஊர்ல வியாபாரம் நடக்குமா, கல்யாணம் நடக்குமா? எனக்குக் கதைதான் நடக்குமா?" என்றார்.

மேலூர்க்காரனுக்கு மனக்கண் மேல் தீராத ஆசை. பாத்திரம் செத்தால்தானே புதுசு உண்டாக்கி மறுபடி டைஸ் உருட்டலாம்? அதனால் அவன் ஆட்கள் வரிசையாகச் செத்தார்கள். ஒரு வில்வீரன் முதலைகள் கிடக்கும் அகழியில் குளிக்க இறங்கினான். ஒரு பூசாரி, தூங்குகிற ராட்சசனின் மூக்கில் புல்லை விட்டுப் பார்த்தான். கடைசியில் வாத்தியார், வேண்டுமென்றே சாகிறவனுக்கு அடுத்த பிறவியில் டைஸ் கிடையாது என்று சட்டம் போட்டார். அதன்பிறகு அவன் ஒரு வாள்வீரனோடு ஒழுங்காக வாழ ஆரம்பித்தான்.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு ஞாயிறு என் மனைவி என்னோடு வந்தாள். சாயங்காலம் இருவரும் ஒரு வரவேற்புக்குப் போகவேண்டியிருந்தது. அவள் வண்டி சர்வீசில் கிடந்தது. கொஞ்ச நேரம் போனைப் பார்த்தாள். அப்புறம் கொட்டாவி விட்டாள்.

"சும்மா உக்காந்திருக்கிறதுக்கு நீங்களும் ஒரு ஆளா வாங்கம்மா," என்று வாத்தியார் டைஸை அவள் பக்கம் தள்ளினார்.

உருட்டினாள். "ரெண்டும் முட்டை. தோத்துட்டேனா சார்?"

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். மேலூர்க்காரன் எழுந்து பால்கனிக்குப் போய், அங்கே காய்ந்துகொண்டிருந்த துணிகளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வந்தான்.

என்ன பாத்திரம் வேண்டும் என்று கேட்டதற்கு, சமையல்காரி என்றாள். சண்டை போடுகிறவர்களுக்குச் சாப்பாடு யார் போடுவது என்று யோசித்தாளாம். ஒருநாள் கூத்து என்று நினைத்தேன். அடுத்த ஞாயிறு எனக்கு முன்னால் கிளம்பி நின்றாள்.

ஆனால் மனக்கண்ணை மட்டும் அவள் தொடவில்லை. ஒரு கோட்டைத் தலைவன் சாவியை எங்கே ஒளித்திருக்கிறான் என்று தெரியாமல் நாங்கள் வாரக்கணக்கில் அல்லாடினோம். அவன் மனதைப் படி என்று கெஞ்சினால், "கேக்காம அடுத்தவங்க மனசுக்குள்ள எப்படிப் போறது?" என்றாள். நாங்கள் மதிலேறி விழுந்து கையைக் காலை உடைத்துக்கொண்டோம். அவள் கஞ்சி வைத்துக் கொடுத்தாள்.

"யாருக்கும் கெடைக்காத பொருளு. தங்கச்சி அத ஊறுகா ஜாடில போட்டு மூடி வச்சிருக்கு," என்று மேலூர்க்காரன் புலம்பினான். நான் மாப்ள என்றால் அவள் அவனுக்குத் தங்கச்சிதானே.

கோட்டை விவகாரம் இழுத்துக்கொண்டிருக்கும்போதே அவனுடைய வாள்வீரன் ஒரு மாதிரி நடந்துகொண்டான். தன் கேடயத்தை என் ஆளிடம் கொடுத்தான். அடுத்த வாரம் குதிரையைச் சமையல்காரிக்குக் கொடுத்தான். ஏன் என்றால், "சும்மாதான், பாரமா இருக்கு" என்றான். எனக்கு லாபம் என்று வாங்கி வைத்துக்கொண்டேன்.

அதற்கடுத்த ஞாயிறு, ஆட்டம் தொடங்கியதும் என் மனைவி, "சார், நான் இன்னைக்கு மனக்கண்ணப் பயன்படுத்துறேன்," என்றாள்.

"அப்பாடா. கோட்டைத் தலைவனையா?"

"இல்ல சார். அண்ணனோட வாள்வீரன."

வாத்தியார் பென்சிலைக் கீழே வைத்தார். ஒரு பாத்திரத்தின் மேல் மனக்கண் பட்டால் அதை ஆடுகிறவர் உண்மையைத்தான் சொல்லவேண்டும். அது அவர் சட்டம். எல்லோரும் மேலூர்க்காரனைப் பார்த்தோம். அவன் டைஸை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே இருந்தான்.

"அவன் போயிரலாம்னு இருக்கான்," என்றான்.

"எங்க?" என்று கேட்டாள்.

"கடலுக்கு அந்தப் பக்கம்."

"எப்ப திரும்பி வருவாரு?"

"தெரியல தங்கச்சி."

அதற்கப்புறம் விளையாட்டு எங்கே முடிந்து பேச்சு எங்கே ஆரம்பித்தது என்று தெரியவில்லை. அவனுடைய குவாரியில் வேலை நின்று ரொம்ப நாளாகியிருந்தது. ஓமனில் ஒரு கல்லறுக்கும் கம்பெனியில் வேலை கிடைத்து, விசாவும் வந்துவிட்டது. வீட்டில் எல்லோருக்கும் தெரியும். எங்களிடம் சொல்லத்தான் வாய் வரவில்லையாம். ஒவ்வொரு ஞாயிறும் சொல்லிவிடலாம் என்று பஸ் ஏறுவானாம்; இங்கே வந்து உட்கார்ந்ததும் ராட்சசன் வந்துவிடுவானாம்.

எனக்குக் கோபம் வந்தது. அந்த வாரம்தான் என் கடைக்கு வந்து ஒரே பவரில் இரண்டு கண்ணாடி போட்டுக்கொண்டு போயிருந்தான். ஒன்று உடைந்தால் இருக்கட்டும் என்று நானே பிரேம் தேடி எடுத்துக் கொடுத்தேன். "என்கிட்டகூட சொல்லலையேடா," என்றேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான். வாத்தியார் டீ போடப் போனார்.

"உனக்கு எப்படித் தெரிஞ்சுச்சு தங்கச்சி?" என்று அவன் மெதுவாகக் கேட்டான்.

"எங்கண்ணன் சிங்கப்பூர் போறதுக்கு முன்னாடி, ஓட்டுறியான்னு கேட்டு பைக்க எங்கிட்ட குடுத்தான். நீங்க குதிரையக் குடுத்தீங்க," என்றாள். "நேரா கேட்டிருந்தா சிரிச்சு மழுப்பியிருப்பீங்க அண்ணே. அதான் விளையாட்டுல கேட்டேன்."

அவன் சிரித்தான். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டான். டீ வந்தது. அன்றைக்கு அதற்குமேல் ஆடவில்லை; ஓமனில் வெயில் எம்புட்டு இருக்கும் என்று பேசிக்கொண்டிருந்தோம். வரவர எனக்கும் கோபம் ஆறியது. அவன் கிளம்பிய அன்று மூவரும் விமான நிலையத்துக்குப் போய்க் கையசைத்துவிட்டு வந்தோம்.

இப்போது ஆட்டம் வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்கு மாறிவிட்டது. அவனுக்கு அங்கே வெள்ளிதான் லீவு. என் கடையை அன்றைக்குப் பையனை நம்பி விடாமல் சீக்கிரமே சாத்திவிடுகிறேன். தண்ணிச் சொம்பில் போனைச் சாய்த்து வைத்தால் அவன் முகம் தெரியும். வாள்வீரனும் கடல் தாண்டிவிட்டதால் வாத்தியார் ஒரு சார்ட்டில் புது நாடு ஒன்று வரைய வேண்டியதாயிற்று. பாதி நாடு இன்னும் வெள்ளையாகவே கிடக்கிறது.

டைஸை அவனே அங்கே தன் ரூமில் உருட்டி எண்ணைச் சொல்லுகிறான். டைஸ் எங்கள் கண்ணில் படாது, அவன் சொன்னதுதான் எண். போன வாரம் ஒரு கடல் பாம்போடு சண்டை. உருட்டுகிற சத்தம் கேட்டது. ரொம்ப நேரம் குனிந்தே இருந்தான்.

"எவ்வளவுப்பா?" என்று வாத்தியார் கேட்டார்.

"ஒண்ணு சார்," என்றான். பாம்பு அவனைச் சுருட்டிக்கொண்டு போயிற்று. சமையல்காரி எந்தக் கரையிலிருந்து கயிறு வீசுவது என்று என் மனைவி சார்ட்டில் விரலை வைத்துத் தேட ஆரம்பித்தாள்.