கருப்பி கூவிய வீடு

எங்கள் வீட்டுக் கோழி ஒரு நாள் காலையில் கூவியது. சேவல் இல்லை, கோழி. இரண்டு வருஷமாக முட்டையிட்டு, ஒரு தடவை அடைகாத்துக் குஞ்சும் பொரித்த கறுத்த பெட்டைக்கோழி. கருப்பி என்று கூப்பிடுவோம். முதலில் சளி கட்டிய ஆள் தொண்டையைச் செருமுவது போல ஒரு கரகரப்பு. பிறகு கழுத்தை நீட்டி, கண்ணைச் செருகிக்கொண்டு, முழுசாக ஒரு கூவல். நான் பல்பொடியும் கையுமாகக் கொல்லையில் நின்றேன். வாயில் இருந்த நுரையைத் துப்பக்கூடத் தோன்றவில்லை.

அந்த வயதில் எனக்கு ஒரு பைத்தியம் இருந்தது. சிறுவர் பத்திரிகைகளில் பக்கத்தின் அடியில் கட்டம் கட்டி, விலங்குகளைப் பற்றித் துணுக்குகள் போடுவார்கள். ஆக்டோபஸுக்கு மூன்று இதயம். பட்டாம்பூச்சி காலால் ருசி பார்க்கும். கடல்குதிரையில் ஆண்தான் பிள்ளை பெறும். ஒட்டகச்சிவிங்கியின் கழுத்திலும் நம் கழுத்திலும் எலும்பு ஏழுதான். எல்லாவற்றையும் மனப்பாடம் செய்து, சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்ததும் அவிழ்த்து விடுவேன். ஜெல்லி மீனுக்கு மூளையே கிடையாது என்று நான் சொன்ன அன்று, அப்படி நம் வீட்டிலும் ஒன்று இருக்கிறது என்று அப்பா சொல்லிவிட்டு ரசம் ஊற்றிக்கொண்டார். அவர் வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் சூப்பர்வைசர். எட்டு மணி நேரம் மெஷின் சத்தத்தில் நின்றுவிட்டு வருகிற மனிதருக்கு என் சத்தம் எவ்வளவு இனித்திருக்கும் என்று இப்போது யோசித்தால் பாவமாக இருக்கிறது.

காது கொடுத்துக் கேட்டது அத்தை ஒருத்திதான். அப்பாவின் தங்கை. திண்டுக்கல்லில் ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். எங்கள் வீட்டிலேயே, என் அறையிலேயே இருந்தாள். அவளுக்கு ஒரு பெரிய சிரிப்பு உண்டு. சிரித்தால் தெருக்கோடி மாவு மில் வரைக்கும் கேட்கும். கல்யாணத்துக்குப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஒன்றும் அமையவில்லை. அதற்குக் கொஞ்ச நாள் முன்பு மதுரையில் ஆஸ்பத்திரியில் படுத்து ஆபரேஷன் செய்துகொண்டு வந்திருந்தாள். குடல்வால் என்று எனக்குச் சொன்னார்கள். பார்க்கப் போன அன்று, முயலின் குடல்வால் நம்முடையதைவிட எவ்வளவோ பெரிசு என்ற தகவலை அவள் கட்டிலில் ஏறி உட்கார்ந்து சொன்னேன். தையலைக் கையால் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

கருப்பி கூவியதும் நான் ஓடியது அவளிடம்தான். கொண்டையைப் பார்த்தோம். சில மாதங்களாகவே அது சிவந்து பெருத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது, வால் இறகும் வளைந்திருக்கிறது; முட்டை நின்றுபோனதைத் தவிர வேறு எதையும் யாரும் கவனிக்கவில்லை. உலகத்து அதிசயமெல்லாம் ஆஸ்திரேலியாவிலும் அமேசானிலும்தான் நடக்கும் என்று நம்பிக்கொண்டிருந்தவளுக்கு, ஒன்று எங்கள் கொல்லையில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்திலேயே நடந்துவிட்டது. எனக்குக் கால் தரையில் பாவவில்லை. பள்ளிக்கூடத்தில் அன்றைக்கு இடைவேளை முழுக்க என்னைச் சுற்றித்தான் கூட்டம்.

சாயங்காலம் வீடு திரும்பியபோது நிலைமை வேறாக இருந்தது. பெட்டை கூவினால் வீட்டுக்கு ஆகாது என்று பக்கத்து வீட்டுப் பெரியம்மா சொல்லிவிட்டுப் போயிருந்தார். அம்மா ஆரம்பப் பள்ளி ஆசிரியை, சகுனம் பார்ப்பது பாவம் என்று ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வி வகுப்பில் சொல்லிக்கொடுப்பவர். அவரே முகம் சுருங்கிப் போயிருந்தார். காரணம் இருந்தது. பழனியிலிருந்து அத்தையைப் பெண் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார்கள், அடுத்த ஞாயிற்றுக்கிழமை. கூவுகிற பெட்டையை வைத்துக்கொண்டு பெண் பார்க்க வருகிறவர்களை எப்படி உள்ளே கூப்பிடுவது?

அப்பா ஒரு வழி கண்டுபிடித்தார். அத்தைக்குக் கல்யாணம் அமைந்தால் ஒரு சேவல் தருவதாக அம்மா அந்தோணியாருக்கு நேர்ந்திருந்தார். வருகிற சனிக்கிழமை எங்கள் பங்குக் கோயிலில் திருவிழா. நேர்ச்சையாக வருகிற சேவலையும் ஆட்டையும் கோயில் வளாகத்திலேயே பெரிய அண்டாக்களில் சமைத்து ஊருக்கே அசனம் போடுவார்கள். சீரகச்சம்பா வாசம் தெரு முழுக்க நிற்கும்.

"கூவுதுல்ல? அப்ப சேவல்தான். அந்தோணியாருக்கு அட்வான்ஸா கொடுத்துருவோம். அபசகுனமும் தொலைஞ்சது, நேர்ச்சையும் முடிஞ்சது" என்றார்.

எனக்கு உலகமே இருண்டது. அழுதேன், சோறு வேண்டாம் என்றேன், ஒன்றும் பலிக்கவில்லை. கடைசியில் அம்மாவின் பயபக்தியைத்தான் பிடித்துக்கொண்டேன். சேவல் என்று நேர்ந்துவிட்டுப் பெட்டையைக் கொடுத்தால் அந்தோணியாரை ஏமாற்றுவதாகாதா என்று கேட்டேன். அம்மா கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றது. அப்பா அதைச் சேவல் என்றார், நான் பெட்டை என்றேன், அம்மாவுக்கு இரண்டுமே நியாயமாகப் பட்டது. கோயில் உபதேசியாரைக் கேட்கலாமா என்றுகூட யோசித்தார்கள்.

"எதுக்கு மதினி குழப்பம்? மாட்டாஸ்பத்திரியில டாக்டர் சொல்லட்டும். சேவல்னா கோயிலுக்கு, பெட்டைன்னா வீட்டுக்கு" என்றாள் அத்தை.

அப்படித்தான் மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் கருப்பியை வயர் கூடையில் வைத்துத் துண்டால் மூடி, நானும் அத்தையும் கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனோம். டவுன் பஸ்ஸில் அது ஒரு தடவை கூவியது. கண்டக்டர் சேவலுக்கு லக்கேஜ் போட வேண்டும் என்றார். அது சேவல் என்பதே இன்னும் முடிவாகவில்லை என்று நான் அவரிடம் விளக்கிக்கொண்டிருக்கும்போதே எங்கள் நிறுத்தம் வந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் சினை ஆடுகளுக்கும் நொண்டிக் காளைக்கும் பின்னால் காத்திருந்தோம். டாக்டரம்மா சின்ன வயசு. நான் மூச்சு விடாமல் எல்லாவற்றையும் ஒப்பித்ததும் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"நெசமாவே முட்டை போட்ட கோழியா?"

"குஞ்சே பொரிச்சிருக்கு டாக்டர்" என்றாள் அத்தை.

அவர் கம்பவுண்டரைக் கூப்பிட்டார், ஊசி போடுகிறவரைக் கூப்பிட்டார், ஆட்டோடு நின்றவர்களும் தாமாகவே வந்துவிட்டார்கள். படிக்கும்போது புத்தகத்தில் பார்த்ததோடு சரி, கையில் பிடிப்பது இதுதான் முதல் தடவை என்று கருப்பியைத் தூக்கிக் காட்டினார். எனக்கு அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. என்னைப் போலவே ஒரு பெரிய மனுஷி இருக்கிறார், அதற்குச் சம்பளமும் வாங்குகிறார்.

அவர் சொன்னதை நான் இன்றைக்கும் வரி பிசகாமல் சொல்வேன். கோழிக்கு முட்டைப்பை இரண்டு பக்கமும் முளைக்கும். இடது மட்டும்தான் வளர்ந்து வேலை செய்யும், வலது சும்மா தூங்கிக்கொண்டிருக்கும். ஏதாவது நோய் வந்து இடது கெட்டுப்போனால், சில கோழிகளில் தூங்கிக்கொண்டிருந்த வலது விழித்துக்கொள்ளும். ஆனால் அது முட்டைப்பையாக வளராது. சேவலுக்கு உள்ளே இருப்பது மாதிரி ஆகிவிடும். அப்போதுதான் இந்தக் கொண்டையும் கூவலும்.

"அப்ப இது சேவலா, பெட்டையா?" என்றேன்.

"பெட்டைதான். பொறந்தது பெட்டை, சாகுற வரைக்கும் பெட்டை."

நான் குதித்த குதியில் ஓர் ஆடு மிரண்டு கயிற்றை இழுத்தது. அத்தை மட்டும் நகரவில்லை.

"இனிமே முட்டை போடுமா டாக்டர்?"

"போடாது."

"மருந்து ஏதும்?"

"எதுக்கு? நல்லா மேயுது, நல்லா கூவுது."

"முட்டையே போடாதுன்னா, அப்புறம் எத வச்சு பெட்டைங்கிறீங்க?"

டாக்டரம்மா சிரித்தார். "முட்டை போட்டாத்தான் பெட்டையா? நல்ல கதையா இருக்கே."

அத்தை கூடையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு இன்னும் செத்த நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். எனக்கோ ஓடிப்போய் வீட்டில் சொல்ல வேண்டும். கையைப் பிடித்து இழுத்துத்தான் அவளைக் கிளப்பினேன்.

தீர்ப்பைக் கேட்டு அப்பா தலையை ஆட்டிவிட்டுப் பேப்பரை விரித்துக்கொண்டார். அந்தோணியாரிடம் வம்பு வைத்துக்கொள்ள அம்மாவும் தயாராக இல்லை. சனிக்கிழமை அசனத்தில் நான் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். கருப்பி அந்த அண்டாவில் இல்லை என்ற நிம்மதியில் அப்படி ஒரு பசி.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. கருப்பியைக் குளியலறைக்குள் விட்டு, கூடையைக் கவிழ்த்து, மேலே சாக்கும் போட்டிருந்தார்கள். இருட்டாக இருந்தால் கூவாது என்பது அப்பாவின் கணக்கு. பழனியிலிருந்து மாப்பிள்ளையும் அவர் அம்மாவும் தாய்மாமாவும் வந்து உட்கார்ந்தார்கள். கேசரி, பஜ்ஜி, காப்பி. சத்தமாகச் சிரிக்கக் கூடாது என்று அத்தைக்கும், வாயே திறக்கக் கூடாது என்று எனக்கும் உத்தரவு. அத்தை நீலப் புடவையில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். மாப்பிள்ளை பஜ்ஜியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது கருப்பி கூவியது. இருட்டையும் சாக்கையும் தாண்டி, அதன் வாழ்நாளிலேயே மிக நல்ல கூவல்.

"ஏனுங்க, சேவல் வளர்த்தறீங்களா?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

"பக்கத்து வீட்டுச் சேவலுங்க" என்றார் அம்மா, கண் இமைக்காமல்.

என்னால் பொறுக்க முடியவில்லை. என் வாழ்க்கையின் ஆகப் பெரிய அதிசயத்தை ஒரே வார்த்தையில் பக்கத்து வீட்டுக்கு எழுதிக்கொடுக்கிறார்கள். அது சேவல் இல்லை, கோழி, எங்கள் கோழி என்று கத்திக்கொண்டே ஓடி, சாக்கைத் தள்ளி, கருப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கூடத்தின் நடுவில் வந்து நின்றேன். இடது முட்டைப்பை, வலது முட்டைப்பை, தூங்கியது, விழித்தது, எல்லாம் சொன்னேன். மாப்பிள்ளை பஜ்ஜியைக் கீழே வைத்துவிட்டு ஆர்வமாகக் கேட்டார். அதனால் கடல்குதிரையையும் சேர்த்துச் சொன்னேன். அப்பா என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் மறக்கவில்லை.

மாப்பிள்ளையின் அம்மாவுக்கு முகம் மாறிவிட்டது. குரலை மட்டும் மாற்றவில்லை.

"முட்டை வெக்காத கோழிய எதுக்குங்க தீனி போட்டு வெச்சிருக்கறீங்க? அறுத்துப்போடறதுதானுங்களே."

அத்தை நிமிர்ந்தாள். அம்மா அவள் தோளில் கை வைத்தார். அத்தை அந்தக் கையை மெதுவாக எடுத்து விட்டாள்.

"எனக்கும் அப்படித்தாங்க. மதுரையில ஆபரேஷன் பண்ணி கர்ப்பப்பைய எடுத்துட்டாங்க. பிள்ளை பிறக்காது. எங்க அண்ணன் உங்ககிட்ட சொல்லியிருக்க மாட்டாக. தெரிஞ்சுக்கிட்டு நீங்க முடிவு பண்ணுங்க."

கருப்பி என் கக்கத்தில் நெளிந்தது. வந்தவர்கள் காப்பியைக் குடித்து முடித்தார்கள். போய்ச் சொல்லி அனுப்பறமுங்க என்று தாய்மாமா கும்பிட்டார். மாப்பிள்ளை செருப்பை மாட்டிக்கொண்டே திரும்பி ஒரு தடவை பார்த்தார். கருப்பியைத்தான் பார்க்கிறார் என்று நினைத்து அதை உயர்த்திக் காட்டினேன். அவர்கள் ஒன்றும் சொல்லி அனுப்பவில்லை.

அம்மா அடுப்படியில் உட்கார்ந்து அழுதார். அப்பா வாசலில் போய் நின்றவர் வெகு நேரம் உள்ளே வரவில்லை. என்னை யாரும் அடிக்கவில்லை என்பதே எனக்குப் பெரிய ஆச்சரியமாக இருந்தது. கொல்லையில் அத்தை நீலப் புடவையோடு துவைக்கிற கல்லில் உட்கார்ந்திருந்தாள். கருப்பியை இறக்கி விட்டதும் அது சிறகை உதறி, கொண்டையைச் சிலுப்பி, இன்னொரு தடவை கூவியது. அத்தைக்குச் சிரிப்பு வந்தது. எத்தனையோ நாளாக வீட்டில் கேட்காத அந்தப் பெரிய சிரிப்பு. சிரித்துக்கொண்டே இருந்தாள், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், மறுபடியும் சிரித்தாள்.

"ஏண்டி, இன்னிக்கு யாரு சொன்னது பெரிய தகவலு? நீ சொன்னதா, நான் சொன்னதா?"

நான் நேர்மையாக யோசித்துப் பார்த்தேன். நான் சொன்னதுதான் என்றேன்.

"ஆமாடி. உன்னுதுதான் பெருசு" என்று என்னை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். புடவையில் கேசரி வாசம் அடித்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனாலும் ஒன்று மட்டும் விளங்கவே இல்லை. ஆக்டோபஸுக்கு எலும்பு கிடையாது. ஜெல்லி மீனுக்கு மூளை கிடையாது, இதயமும் கிடையாது. அவை பாட்டுக்கு நீந்திக்கொண்டுதான் இருக்கின்றன. அத்தைக்கு உள்ளே ஏதோ ஒன்று இல்லை என்பதற்காக, அடுப்படியில் அம்மா எதற்கு அப்படி அழுதார்?