கோவில் வாசலில் நின்ற ரயில்வேக்காரர்

என் கணவரின் அக்கா கல்யாணமாகித் திருச்சிக்குப் போனவர். பல வருஷங்களுக்குப் பிறகு மலேசியாவில் எங்கள் கிள்ளான் வீட்டுக்கு வந்து தங்கினார். வந்த மறுநாளே, "எங்கயாச்சும் கூட்டிட்டுப் போ" என்றார். நான் எங்கே கூட்டிப்போனாலும் இது கடை, அது கோயில், வாங்க போகலாம் என்று முடித்துவிடுவேன் என்பது என் மகளுக்குத் தெரியும். அதனால் எங்கள் இருவருக்கும் சேர்த்து ஒரு நாள் சுற்றுலாவுக்குப் பதிவு செய்துவிட்டாள். காலையில் கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ், மதியத்துக்கு மேல் கிள்ளான். பழைய கோவில்கள், மாதா கோயில், புத்த விகாரை, மசூதி. எல்லாவற்றையும் விளக்கிச் சொல்ல வழிகாட்டி ஒருவர் வருவார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. நான் பிறந்ததே பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில். அப்பா ரயில்வேயில் வேலை பார்த்தவர். எனக்கு பிரிக்பீல்ட்ஸைக் காட்ட ஓர் ஆள் வேண்டுமா என்று கேட்டேன். "அத்தைக்காகப் போங்கம்மா, ஒரு நாள்தானே" என்றாள் மகள்.

கே.எல். சென்ட்ரல் ரயில் நிலையத்தில் எங்களைச் சேர்த்துக்கொண்ட வழிகாட்டிக்கு முப்பது வயதுக்கு மேல் இருக்கும். டெங்கில் ஊர்ப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் வளர்ந்த தமிழர். சட்டையில் சின்ன மைக், கையில் மஞ்சள் குடை. கூட்டத்தில் இருந்தவர்கள் பெரும்பாலும் வெளிநாட்டுக்காரர்கள் என்பதால் ஆங்கிலத்தில்தான் பேசினார். எங்கள் இருவரிடம் மட்டும் தமிழ்.

காலை நன்றாகத்தான் போனது. விகாரையில் போதிமரத்தடியில் நின்று கேட்டோம். நடைபாதையில் பார்வையற்றவர்களுக்காகப் பதித்திருக்கும் மஞ்சள் கற்களைப் பற்றிச் சொன்னார். நான் பல தடவை அதன்மேல் நடந்திருக்கிறேன். கோடுள்ள கல் நடக்கச் சொல்கிறது, புள்ளியுள்ள கல் நிற்கச் சொல்கிறது என்பது அன்றுதான் தெரிந்தது. அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். "பொறந்த ஊருன்னு சொன்னே?" என்றார்.

பிறகு மோனோரயில் பாதைக்குக் கீழே நடந்து, ஓர் உயரமான அடுக்குமாடிக் கட்டடத்தின் வேலியோரம் நின்றோம். அந்த இடம் வந்ததும் எனக்கு மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது. எங்கள் வீட்டு வரிசை அங்கேதான் இருந்தது. இடித்துக் கட்டியிருக்கிறார்கள் என்று தெரியும். ஆனாலும் வேலையாக அந்தப் பக்கம் போகும்போது காரில் கடந்துவிடுவதுதான், இறங்கி நின்றதில்லை.

வழிகாட்டி குடையை நீட்டிக் கட்டடத்தைக் காட்டினார். இந்த இடத்தில் ஒரு காலத்தில் ரயில்வே ஊழியர் குடியிருப்பு இருந்தது, கடைசி வீட்டில் ஒரு கத்தோலிக்கர் குடும்பத்தோடு இருந்தார் என்று தொடங்கினார். வீட்டுப் பக்கத்தில் ஒரு ஜம்புப் பழ மரம். அவருக்கு இடது கையில் சுண்டுவிரல் பாதிதான் இருக்கும், ரயில் பெட்டிகளைக் கோத்து மாட்டும்போது நசுங்கிப் போனது.

நான் அக்காவின் கையைப் பிடித்தேன். அவர் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

வழிகாட்டி தொடர்ந்து சொன்னார்: அந்தக் கத்தோலிக்கர் வெள்ளிக்கிழமை தவறாமல் வேலை முடிந்து வரும் வழியில், இலங்கைத் தமிழர்கள் கட்டிய முருகன் கோவிலின் வாசலில் நிற்பார். உள்ளே போகமாட்டார். கால் சப்பாத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, தீபாராதனை முடியும்வரை வெளியிலேயே நின்றுவிட்டு வீட்டுக்குப் போவார். அவர் பிறப்பால் இந்து. ஒரு கத்தோலிக்கப் பெண்ணை விரும்பி, அவளுக்காக மதம் மாறினார். இனி எந்தக் கோவிலுக்குள்ளும் கால் வைக்கமாட்டேன் என்று மாமனாருக்கு வாக்குக் கொடுத்துத்தான் கட்டிக்கொண்டார். ஒருநாள் குருக்களே வெளியே வந்து, ஏன் இங்கே நிற்கிறீர்கள் என்று கேட்டாராம். "உள்ளே போகமாட்டேன் என்றுதான் சொன்னேன், நிற்கமாட்டேன் என்று சொல்லவில்லை" என்றாராம்.

கூட்டத்தில் ஒரு வெள்ளைக்காரப் பெண் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். எல்லோரும் வேலியைப் படம் எடுத்தார்கள்.

எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கடைசி வீடு எங்கள் வீடு. ஜம்பு மரம் எங்கள் மரம். அரைச் சுண்டுவிரல் என் அப்பாவுடையது. மற்றது எதுவும் எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்த அப்பா, ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் காணிக்கைத் தட்டு ஏந்தி வருபவர். வீட்டில் செபமாலை சொல்லும்போது எங்களில் யார் தூங்கி விழுந்தாலும் தொடையில் கிள்ளுபவர். கிறிஸ்தவராகப் பிறந்தவர் என்றுதான் நினைத்திருந்தேன். நினைத்திருந்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது, அப்படி ஒரு கேள்வியே எனக்கு வந்ததில்லை.

"அக்கா, அது எங்கப்பா" என்றேன்.

"எது?"

"இப்ப சொன்னாரே, விரல் இல்லாதவரு."

அக்கா பாட்டிலை மூடினார். "உங்கப்பா இந்துவா? எங்க வீட்ல யாருமே சொல்லலியே."

"எனக்கே யாரும் சொல்லல."

சாப்பாட்டு இடைவேளையில் வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்குப் போனோம். வழிகாட்டி கை கழுவப் போனபோது நானும் பின்னால் போனேன். என்ன கேட்பதென்று யோசித்து வைத்திருந்தேன், ஆனால் வாயில் வேறுதான் வந்தது.

"தம்பி, அந்த ஜம்பு மரத்து வீட்டுக் கதைய எங்க படிச்சீங்க?"

"படிக்கல ஆன்டி. ஒரு அங்கிள் டூர்ல வந்தாரு. முடிஞ்சதும் கோப்பி வாங்கிக் குடுத்து அவர்தான் சொன்னாரு."

"எப்படி இருப்பாரு?"

"ஒல்லியா, தொப்பி போட்டிருந்தாரு. பேசறதுக்கு முன்னாடியே சிரிச்சிருவாரு." கையைத் துடைத்துக்கொண்டு கைப்பேசியை எடுத்தார். "இருங்க, குரூப் போட்டோ இருக்கும் லா." விரலால் தள்ளித் தள்ளித் தேடி, ஒரு படத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். விகாரை வாசலில் சீனர்களுக்கும் வெள்ளைக்காரர்களுக்கும் பின்னால், தொப்பியைச் சற்றே சாய்த்து, சிரித்துக்கொண்டு நின்றது என் அண்ணன்.

அண்ணன் செராஸில் இருக்கிறார். எங்களுக்குள் சண்டை ஏதும் இல்லை. மாதத்துக்கு ஒரு முறையாவது போனில் பேசுவோம். இரத்த அழுத்தம், பேரப்பிள்ளைகள், யார் வீட்டுத் துக்கத்துக்கு யார் போகவில்லை. அவர் இந்தச் சுற்றுலாவில் வந்ததை என்னிடம் சொன்னதே இல்லை. முன்பின் தெரியாத ஒருவருக்கு அப்பாவைப் பற்றிச் சொல்லத் தோன்றியது, எனக்குச் சொல்லத் தோன்றவில்லை.

"தெரிஞ்சவரா ஆன்டி?" என்றார் வழிகாட்டி.

"எங்கண்ணன். நீங்க சொன்ன ஆளு எங்கப்பா."

அவர் முகம் மாறிவிட்டது. "ஐயோ, சாரி ஆன்டி. நான் ஏதாச்சும் தப்பா சொல்லிட்டேனா?"

"அதுதான் எனக்கும் தெரியல" என்றேன்.

மதியத்துக்கு மேல் கிள்ளானுக்குப் போனோம். சுல்தான் காலத்து மசூதியில் எங்களுக்கு நீளமான அங்கி கொடுத்தார்கள். அக்கா அதைப் போட்டுக்கொண்டு தூண்தூணாக நின்று படம் எடுக்கச் சொன்னார். எடுத்தேன். வழிகாட்டி பேசியது எதுவும் காதில் ஏறவில்லை. வெள்ளிக்கிழமைகளை நினைத்துக்கொண்டிருந்தேன். அப்பா வெள்ளிக்கிழமை தாமதமாக வருவாரா? வருவார் என்று ஒரு நிமிஷம் தோன்றும். ஷிப்ட் வேலைக்காரர் எல்லா நாளும்தானே தாமதமாக வருவார் என்று அடுத்த நிமிஷம் தோன்றும். தெலுக் இந்தான் பக்கம் ஏதோ தோட்டத்தில் சின்ன வயதிலேயே அப்பா அம்மா இல்லாமல் போய்விட்டார்கள் என்பதற்கு மேல் அவர் தன் சொந்தங்களைப் பற்றிப் பேசியதில்லை. அம்மாவின் அப்பா மாதா கோயில் உபதேசியார், கண்டிப்பானவர். வாக்கு வாங்கியிருக்கக்கூடியவர்தான். நினைக்க நினைக்க எல்லாம் பொருந்தியது. பொருந்துவதனாலேயே நம்பலாமா என்றும் இருந்தது.

கடைசியாகக் கிள்ளானில் ஓர் இந்துக் கோவில். அக்கா செருப்பைக் கழற்றிப்போட்டுவிட்டு முதல் ஆளாகப் போய்விட்டார். கிறிஸ்தவர்களாக இருந்தாலும் சுற்றிப் பார்க்க வந்தவர்களுக்கு என்ன என்பது அவர் கட்சி. நானும் தோழிகளின் பிள்ளைகள் கல்யாணத்துக்கு எத்தனையோ தடவை அந்தக் கோவிலுக்குள் போயிருக்கிறேன். அன்றைக்கு வாசலில் கால் நின்றுவிட்டது.

பூ விற்கும் அம்மா, "செருப்ப இங்கயே விடுங்க அக்கா, நான் பாத்துக்கிறேன். உள்ள போங்க" என்றார்.

"இல்ல, இங்கயே நிக்கிறேன்."

செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். அப்பாவுக்கு என்ன தோன்றியிருக்குமோ அது எனக்கும் தோன்றும் என்று ஓர் எண்ணம். உள்ளே மணி அடித்தது. சாம்பிராணி வாசம் வந்தது. எனக்குத் தோன்றியதெல்லாம், தரை சுடுகிறது, முட்டி வலிக்கிறது என்பதுதான். அக்கா நெற்றியில் திருநீற்றோடு வெளியே வந்து, "ஏன் இங்கயே நின்னுட்டே?" என்று கேட்டார்.

மறுநாள் காலையில் தனியாகச் செராஸுக்குப் போனேன். அண்ணன் கதவைத் திறந்ததுமே, "நீங்க டூர் போனீங்களாமே" என்றேன். வழக்கம்போல் முதலில் சிரித்தார்.

"யார் சொன்னா?"

"டூர் கூட்டிட்டுப் போற தம்பியே சொன்னாரு. அப்பா இந்துவா இருந்தாராமே. மாறித்தான் அம்மாவக் கட்டுனாராமே. தாத்தாவுக்குச் சத்தியம் பண்ணாராமே. எனக்கு ஏன் நீங்க சொல்லல?"

சிரிப்பு நின்றுவிட்டது. "என்னது?" என்றார். என்னை உட்காரச் சொல்லி, கேட்டதை முதலிலிருந்து சொல்லச் சொன்னார். சொன்னேன். குருக்கள் வந்து கேட்ட இடம் வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"நான் அதெல்லாம் சொல்லவே இல்ல. அப்பா வாசல்ல நின்னத பாத்தேன்னு சொன்னேன். அவ்ளோதான். நான் ஸ்கூல்ல இருந்து சைக்கிள்ல வரப்போ பாத்திருக்கேன். ஒரு வாட்டி இல்ல, பல வாட்டி. சப்பாத்து கையில இருந்துச்சு. வெள்ளிக்கிழமைதான்."

"அப்ப மதம் மாறுனது?"

"எனக்கு என்ன தெரியும்? அந்தத் தம்பி, ஏன் அங்கிள் நின்னாருன்னு கேட்டாரு. யாருக்குத் தெரியும், ஒருவேளை முன்னாடி இந்துவா இருந்திருப்பாரோ என்னமோன்னு சொன்னேன். பேச்சுக்குச் சொன்னது லா."

பேச்சுக்குச் சொன்னது அந்தத் தம்பியின் வாயில் வாக்காகவும் மாமனாராகவும் குருக்களாகவும் வளர்ந்திருக்கிறது. ஒரு ராத்திரி முழுக்க நான் அதை நம்பியிருந்தேன். அது இல்லை என்றதும் நிம்மதியாக இருக்க வேண்டும். இல்லை. ஏதோ ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பப் பிடுங்கிக்கொண்ட மாதிரி இருந்தது.

"நீங்க அப்பாகிட்ட கேக்கலியா?"

"கேட்டேன். பெரியவனானப்புறம் ஒரு நாள். மேளம் கேட்டுட்டு நின்னேன்டான்னாரு."

"மேளம் கேக்க எதுக்குச் சப்பாத்தக் கழட்டணும்?"

"அதத்தான் நானும் இன்னிக்கு வரைக்கும் யோசிக்கிறேன்."

அண்ணி கோப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனார். நான் அண்ணனிடம் இன்னொன்றையும் கேட்டேன். எல்லாவற்றையும் விட்டு அந்தச் சுற்றுலாவுக்கு ஏன் போனார்?

கோப்பியைக் கலக்கிக்கொண்டே சொன்னார். "நம்ம லைன் வீடுங்களப் பத்தி என்ன சொல்றாங்கன்னு கேக்கலாம்னு போனேன். விகாரைக்கு ஒரு கதை, மாதா கோயிலுக்கு ஒரு கதை, எல்லாத்துக்கும் இருக்கு. நம்ம எடம் வந்தா, இங்க குவார்ட்டர்ஸ் இருந்துச்சு, இடிச்சிட்டாங்க, வாங்க சாப்பிடப் போலாம்னு போயிட்டாங்க. எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு. அதான் அந்தத் தம்பியக் கூப்பிட்டு உக்கார வச்சி, ஏதாச்சும் சொல்லட்டும்னு சொன்னேன்."

"எனக்குச் சொல்லியிருக்கலாமே."

"நீ செபமாலையெல்லாம் சொல்றவ. மனசு கஷ்டப்படுவியோன்னு விட்டுட்டேன்."

கைப்பையைத் திறந்து, சுற்றுலாச் சீட்டில் இருந்த வழிகாட்டியின் எண்ணைத் தேடி எடுத்தேன்.

அங்கிருந்தே வழிகாட்டிக்குப் போன் செய்தோம். அண்ணன் ஸ்பீக்கரில் போட்டார். நான்தான் பேசினேன். வாக்கு, மாமனார், குருக்கள் எதுவும் வேண்டாம், நடந்தது தெரியாது என்றேன். வழிகாட்டி மறுக்கவில்லை. குருக்கள் வரும் இடத்தை நானாகத்தான் சேர்த்தேன் என்று ஒத்துக்கொண்டார். சொல்லச் சொல்ல அப்படி வந்துவிட்டது, அந்த இடத்தில்தான் எல்லோரும் அமைதியாகக் கேட்பார்கள் என்றார்.

"அப்ப எப்படிச் சொல்லணும் ஆன்டி?"

"நின்னாருன்னு மட்டும் சொல்லுங்க."

"ஏன்னு கேப்பாங்களே."

அண்ணனைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். "தெரியலன்னு சொல்லுங்க" என்றேன்.

வழிகாட்டி அப்படித்தான் இப்போது சொல்கிறார் என்று கேள்வி. எப்போதாவது குரல் பதிவு அனுப்புவார். தெரியாது என்றால் ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்கிறார்களாம். பினாங்கிலிருந்து வந்த ஒருவர், காதலியைப் பார்க்கத்தான் நின்றிருப்பார் என்று அடித்துச் சொன்னாராம். ஒரு ஜப்பானியக் கிழவர், வேலை முடிந்த மனிதருக்கு எங்கேயாவது சும்மா நிற்க வேண்டியிருந்திருக்கும் என்றாராம். அக்கா திருச்சிக்குத் திரும்பிப் போய், எங்கள் அப்பா முருக பக்தர் என்று சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் சொல்லிவிட்டார். அதை எப்படித் திருத்துவதென்று தெரியாமல் விட்டுவிட்டேன்.

நானும் அண்ணனும் இப்போதெல்லாம் வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை பேசுகிறோம். இரத்த அழுத்தத்தைப் பற்றிப் பேசுவதே இல்லை. போன வாரம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கூப்பிட்டுப் புதிதாக ஒன்று சொன்னார்.

"ஏம்மா, மாதா கோயில் வழக்கப்படி வெள்ளிக்கிழமை நம்ம வீட்ல கறி கிடையாது, மீன்தான். அம்மா கருவாட்டுக் குழம்பு வைக்கும். அப்பாவுக்குக் கருவாடு ஆகாது. அந்த வாசம் அடங்கட்டும்னு லேட்டா வந்திருப்பாரோ?"

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அப்புறம் போனை வைத்துவிட்டு, அப்பாவுக்குக் கருவாடு பிடிக்காதா என்று வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன்.